அருகில் இருப்பவரின் மூச்சு: புகையில்லா இடங்களின் வரலாறு

மேகமலைக்கும் போடி மலைகளுக்கும் இடையே விரிந்து கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் வாயிலுக்கு 1928ஆம் ஆண்டில் இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. மதுரையிலிருந்து தேனி வழியாகப் போடிநாயக்கனூர் வரை ஓடிய அந்தச் சிறிய வண்டியில் ஏலக்காய் வணிகரும் உழவரும் மாணவரும் நெருங்கி அமர்ந்து பயணம் செய்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அறியாத ஒரு சட்டம் அவர்களுக்கு ஓர் உரிமையை அளித்திருந்தது. 1890ஆம் ஆண்டின் இந்திய இருப்புப்பாதைச் சட்டத்தின் 110ஆம் பிரிவு, புகைப்பதற்கென ஒதுக்கப்படாத பெட்டியில், உடன் பயணம் செய்வோரின் இசைவைப் பெறாமல் எவரும் புகைபிடிக்கக் கூடாது என்று விதித்தது. மீறியவருக்கு இருபது ரூபாய் வரை அபராதம். அக்காலத்தில் அது சிறிய தொகையன்று.

இச்சட்டத்தில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய சொல் 'இசைவு' என்பதாகும். புகைபிடிக்க விரும்புபவர்தான் கேட்கவேண்டும். அருகில் இருப்பவர் ஒப்பினால்தான் பற்றவைக்கலாம். நூறாண்டு கழித்து, 1989ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம் அதற்கு மாற்றாக வந்தது. அதன் 167ஆம் பிரிவு, சக பயணி ஒருவர் ஆட்சேபித்தால் அப்பெட்டியில் புகைக்கக் கூடாது என்றது. இரண்டும் ஏறத்தாழ ஒன்றே போலத் தோன்றும். ஆயினும் பொறுப்பு இடம் மாறிவிட்டது. முன்னது புகைப்பவரைக் கேட்கச் சொன்னது. பின்னது புகையால் வருந்துபவரை வாய் திறக்கச் சொன்னது. அதே பிரிவு வண்டி முழுவதிலும் புகைப்பதைத் தடைசெய்யும் அதிகாரத்தையும் இரயில்வே நிர்வாகத்துக்கு வழங்கியிருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

வாய் திறத்தல் எல்லார்க்கும் எளிதன்று. கூலிக்காரர் முதலாளியிடமும், சிறுவர் பெரியவரிடமும், மனைவி கணவனிடமும் எதிர்த்துச் சொல்லத் தயங்குவர். பிறர் விடும் புகையிலிருந்து மக்களைக் காக்கும் முயற்சியின் வரலாறு, நெருங்கி நோக்கினால், இந்தத் தயக்கத்தோடு மனித சமுதாயம் நடத்திய போராட்டத்தின் வரலாறே ஆகும்.

இலையின் பெயரும் பயணமும்

அமெரிக்கக் கண்டத்துக்கு உரிய இச்செடி போர்த்துக்கீசியர் வாயிலாகப் பதினாறாம் நூற்றாண்டின் இறுதிக்குள் தக்காணத்தை அடைந்தது. வடபுல மொழிகள் பலவும் 'தம்பாக்கு' என்று அந்நியச் சொல்லையே ஏற்றுக்கொண்டன. தமிழர் 'புகையிலை' என்றனர். மலையாளத்தாரும் தெலுங்கரும் கன்னடரும் அவ்வாறே புகையைக் கொண்டே பெயரிட்டனர். மென்று உண்பதும் மூக்குப்பொடியாக இழுப்பதும் பரவலாக இருந்த நாட்டில்கூட, காற்றில் கலந்து பிறரைச் சென்றடையும் புகையே அதன் அடையாளமாக மக்கள் மனத்தில் பதிந்தது.

பேரரசர் அக்பரின் தூதராகப் பீஜப்பூர் சென்று திரும்பிய அசத் பேக், 1604 - 1605ஆம் ஆண்டுகளை ஒட்டி, அழகிய புகைக்குழாயுடன் புகையிலையை அரசவையில் காணிக்கையாக வைத்த செய்தியைத் தாமே எழுதியுள்ளார். பேரரசர் ஓரிரு முறை இழுத்துப் பார்த்தார். அரசவை மருத்துவர் தடுத்தார். ஆராய்ந்தறியாத பொருளை உட்கொள்ளலாகாது என்பது அவர் வாதம். அக்பரின் மகன் ஜஹாங்கீர் 1617ஆம் ஆண்டில் புகையிலை பலருடைய உடல்நலத்தைக் கெடுப்பதாகக் கூறித் தடை ஆணை பிறப்பித்தார். இவ்விரு நிகழ்ச்சிகளிலும் புகைப்பவருடைய உடலே பேசப்பட்டது. அருகில் நின்றவர் கணக்கில் வரவில்லை.

அவரைக் கணக்கில் கொண்டுவந்தவர் உதுமானிய வரலாற்றாசிரியர் இப்ராஹீம் பெச்செவி. புகையிலை தம் நாட்டுக்கு ஹிஜ்ரி 1009இல், அதாவது 1600 - 1601இல், ஆங்கிலேயரால் கொண்டுவரப்பட்டது என அவர் குறிக்கிறார். காப்பிக் கடைகளில் புகை மண்டி ஒருவரை ஒருவர் காண இயலாமற் போனதையும், கடைவீதியில் எதிரே வருவோரின் முகத்திலும் கண்ணிலும் ஊதித் திரிந்ததையும், தலைப்பாகையும் தாடியும் உடையும் வீடும் நாற்றமெடுத்ததையும் அவர் வெறுப்புடன் விவரிக்கிறார். நோய் பற்றிய நுண்ணறிவு அவருக்கு இல்லை. ஆனால் பொதுவிடம் என்பது அனைவருக்கும் உரியது, அதைச் சிலர் தம் புகையால் கவர்ந்துகொள்கின்றனர் என்னும் உணர்வு அவ்வரிகளில் தெளிவாகத் தெரிகிறது.

தண்டனையும் தன்னடக்கமும்

சுல்தான் நான்காம் முராத் 1633இல் இஸ்தான்பூலில் நிகழ்ந்த பெருந்தீயை அடுத்துக் காப்பிக் கடைகளை மூடினார். புகைபிடிப்பதற்கு மரண தண்டனையும் விதித்தார். பலர் உயிரிழந்தனர். பழக்கமோ ஒழியவில்லை. பேரறிஞர் காத்திப் செலபி 1656இல் எழுதி முடித்த 'மீஸானுல் ஹக்' நூலில் இதனை ஆராய்கிறார். படையெடுப்பின்போது, தண்டனை நிறைவேற்றப்படும் வேளையிலேயே, வீரர்கள் குட்டைக் குழாய்களைச் சட்டைக் கைக்குள் மறைத்துவைத்து வாய்ப்பு நேர்ந்தபோது புகைத்தனர் என்கிறார். கொல்லுவதால் பயனில்லை; ஒவ்வொரு நகரிலும் குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் விற்பனையை அனுமதித்து, கண்ட கண்ட கடைகளில் விற்பதைத் தடுத்து, வரி பெறுவதே தகும் என்பது அவர் முடிவு. மனிதனைத் தண்டிப்பதிலிருந்து இடத்தை ஒழுங்குபடுத்துவதற்கு நகர்ந்த சிந்தனை அது.

மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நிலவியது. எகிப்தின் மாலிக்கி அறிஞர் இப்ராஹீம் அல்லக்கானி விலக்கப்பட்டது என்றார். அதே மத்ஹபைச் சேர்ந்த அலீ அல்உஜ்ஹூரி ஆகுமானது என்றார். திமிஷ்கின் அப்துல் கனீ அந்நாபுலுஸீ பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆகுமானது என்பதற்குத் தனி நூலே யாத்தார். வெறுக்கத்தக்கது, அதாவது மக்ரூஹ், என்றோர் பலர். அவர்கள் எடுத்துக்காட்டிய ஒப்புமை நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. பச்சை வெங்காயமும் பூண்டும் தின்றவர் பள்ளிவாசலை நெருங்கவேண்டாம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது நன்கறிந்த செய்தி. வெங்காயமும் பூண்டும் உண்ணத் தக்கவையே. அவற்றை உண்பதில் குற்றமில்லை. அந்த வாடையுடன் தொழுகை வரிசையில் நிற்பதால் தோளோடு தோள் ஒட்டி நிற்பவருக்கு நேரும் துன்பமே தடைக்குக் காரணம். உண்பவரின் உரிமை அவர் வீட்டோடு நிற்கிறது. பொது இடத்தில் அருகில் இருப்பவரின் மூச்சு முன்னிடம் பெறுகிறது. தீங்கு இழைத்தலும் பதிலுக்குத் தீங்கு செய்தலும் கூடா என்னும் சட்டவியல் நெறி இதற்கு அடித்தளம்.

இதன் விளைவை நாம் நாள்தோறும் காண்கிறோம். கடும் பழக்கமுள்ளவரும் பள்ளிவாசலுக்குள் பற்றவைப்பதில்லை. ரமளான் நோன்பின்போது பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேலாகப் புகையைத் துறந்திருக்கிறார். முராதின் வாளால் இயலாதது, ஓரிடத்தின் மதிப்பும் ஒரு வேளையின் மதிப்பும் மனத்தில் ஊன்றியதால் இயன்றது.

மருத்துவம் தந்த சான்று

நாற்றம் என்று கருதப்பட்டது நஞ்சு என்று மெய்ப்பிக்கப்பட்டது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். ஜப்பானிய அறிஞர் தகேஷி ஹிராயாமா, புகைக்காத 91,540 மனைவியரைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து, மிகுதியாகப் புகைக்கும் கணவரின் மனைவியர் நுரையீரல் புற்றுநோயால் இறப்பது அதிகம் என்பதை 1981இல் வெளியிட்டார். புகைபிடித்தலை அறியாத பெண்கள், கணவர் விட்ட புகையால் மாண்டனர் என்னும் செய்தி உலகை உலுக்கியது. அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 1986ஆம் ஆண்டு அறிக்கை இக்கருத்தை உறுதிசெய்தது; 2006ஆம் ஆண்டு அறிக்கை, பிறர் விடும் புகையில் தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை எனத் தீர்த்துரைத்தது.

காரணம் எளிது. புகைப்பவர் இழுத்து வெளிவிடும் புகையைக் காட்டிலும், இரு இழுப்புகளுக்கு இடையே சுருட்டின் அல்லது பீடியின் நுனி கனிந்து தானே வெளியிடும் புகைதான் அறையில் மிகுதியாகத் தங்குகிறது. அது தாழ்ந்த வெப்பத்தில் அரைகுறையாக எரிவதால் நச்சுப்பொருள்கள் சில அதில் செறிந்திருக்கின்றன. புகையிலைப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் எழுபதளவு புற்றுநோயைத் தோற்றுவிப்பவை. குழந்தைகளுக்கு ஆஸ்துமாவும் நடுச்செவி அழற்சியும், பச்சிளங்குழந்தைகளுக்குத் திடீர் மரணமும், பெரியவர்களுக்கு இதய நோயும் இதனால் நேர்கின்றன. தாம் புகைக்காமலே இப்புகையால் உலகில் ஆண்டுதோறும் மடிவோர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

மலைக்கு அப்பாலிருந்து வந்த தீர்ப்பு

இந்தியாவில் சட்டத் திருப்பம் கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு மலைச்சுவருக்கு அப்பால், கேரளத்தில் நிகழ்ந்தது. அன்றாடப் பயணத்தில் பிறர் புகையால் அல்லலுற்ற கல்லூரிப் பேராசிரியை ஒருவரும் மற்றொருவரும் தொடுத்த வழக்கில், கேரள உயர்நீதிமன்றம் 1999 ஜூலை 12 அன்று தீர்ப்பளித்தது. அந்த அமர்வில் இடம்பெற்ற நீதியரசர்களுள் ஒருவர் நம் தேவகோட்டையைச் சேர்ந்த ஏ.ஆர். இலட்சுமணன், மற்றவர் கே. நாராயண குருப். பொது இடத்தில் புகைப்பது பொதுத் தொல்லை என்னும் குற்றமாகும். அது அரசியலமைப்பின் 21ஆவது உறுப்பு உறுதியளிக்கும் உயிர்வாழும் உரிமையைப் பறிப்பதாகும் என்று தீர்ப்பு கூறியது. புதிய சட்டம் எதையும் நீதிமன்றம் தேடவில்லை. காற்றை நலத்துக்குக் கேடாக்குவோரைத் தண்டிக்கும் 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 278ஆவது பிரிவு கையிலிருந்தது; அதனைப் பயன்படுத்துமாறு காவல்துறைக்கு ஆணையிட்டது. நூற்று முப்பத்தொன்பது ஆண்டுகள் அப்பிரிவு இருந்தும், புகைபிடித்தலுக்கு எதிராக அதனைக் கையில் எடுக்க எவருக்கும் தோன்றவில்லை போலும்.

இதனைக் கம்பம் பள்ளத்தாக்கின் கண்கொண்டு நோக்கவேண்டும். கம்பம், போடி வட்டாரங்களிலிருந்து விடியற்காலையில் தோட்டத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஜீப்புகளில் நெருக்கியடித்து இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர், மாலையில் திரும்புகின்றனர். அத்தீர்ப்புக்குப் பிறகு, கம்பமெட்டுச் சோதனைச் சாவடியைக் கடந்ததும் அவர்களுடைய மூச்சுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. திரும்பி இறங்கும்போது அது மலையிலேயே நின்றுவிட்டது.

அந்த வேறுபாடு நெடுநாள் நீடிக்கவில்லை. முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 2 அன்று, மருத்துவமனை, கல்விக்கூடம், நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், அரங்கம், இரயில் உட்பட்ட பொது ஊர்திகள் ஆகியவற்றில் புகைப்பதை நாடு முழுவதும் தடைசெய்தது. தமிழ்நாடு அரசு 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொது இடங்களில் புகைத்தலையும் உமிழ்தலையும் தடுத்தது. 2003இல் நாடாளுமன்றம் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டத்தை இயற்றியது. அதன் நான்காம் பிரிவு பொது இடத்தில் புகைப்பதை விலக்குகிறது. அபராதம் இருநூறு ரூபாய் வரை. ஆறாம் பிரிவு, பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்பதையும், கல்வி நிலையத்திலிருந்து நூறு கஜத்துக்குள், அதாவது ஏறத்தாழ 91 மீட்டருக்குள், விற்பதையும் தடுக்கிறது. 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் பணியிடங்களையும் உணவகங்களையும் அதனுள் அடக்கி, இடத்துக்குப் பொறுப்பானவரையும் பொறுப்பாளியாக்கின. முப்பது அறைகளுக்குக் குறையாத விடுதிகளும் முப்பது இருக்கைகளுக்குக் குறையாத உணவகங்களும் தனிப் புகையறை வைத்துக்கொள்ளலாம் என்னும் விலக்கு எஞ்சியது. தனியறையும் காற்றோட்டமும் முழுப் பாதுகாப்பு அளிப்பதில்லை என்பதை உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் 2007ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளே கூறியிருந்தன. இந்தியா 2004இல் அவ்வொப்பந்தத்தை ஏற்றுக்கொண்ட நாடு.

இச்சட்டங்களின் பெருஞ்சிறப்பு, அருகில் இருப்பவர் ஆட்சேபிக்க வேண்டிய தேவையை நீக்கியதாகும். ஜீப்பில் அமர்ந்த பெண் கங்காணியிடம் வாய் திறக்கவேண்டியதில்லை. அவளுக்காகச் சட்டம் முன்கூட்டியே பேசிவிட்டது.

எண்கள் உணர்த்துவது

ஆயினும் சட்டம் பேசியது எல்லா இடத்திலும் கேட்டதா? இந்தியாவில் பெரியவர்களிடையே நடத்தப்பட்ட புகையிலைப் பயன்பாட்டு ஆய்வுகள் இரண்டை ஒப்பிடலாம். 2009 - 2010இல் வீட்டில் பிறர் புகையைச் சுவாசித்தோர் 52.3 விழுக்காடு, 2016 - 2017இல் அது 38.7 விழுக்காடாகக் குறைந்தது. மூடிய பணியிடங்களில் வேலை செய்வோரிடையே முன்னதில் 29.9 விழுக்காடு, பின்னதில் 30.2 விழுக்காடு.

வீட்டுக்குள் சட்டம் நுழையவில்லை. அங்கே புகை குறைந்தது. பணியிடத்தில் சட்டம் இருக்கிறது, அங்கே குறையவில்லை. விழிப்புணர்வு பெற்ற மகளும் மனைவியும் வீட்டில் மெல்ல மெல்லக் கேட்கத் துணிந்தனர் என்றும், பிழைப்புக்காகப் பிறரைச் சார்ந்து நிற்கும் இடத்தில் அத்துணிவு எழவில்லை என்றும் இவ்வெண்களைப் பொருள்கொள்ளலாம். அபராதம் வசூலிக்க ஆள் வரும்வரை காத்திருக்கும் பலகை ஊமைப் பலகையாகவே இருக்கும். இடத்துக்குப் பொறுப்பானவர் அதற்குக் குரல் கொடுக்கவேண்டும்.

ஊரே முன்வந்து செய்துகாட்டிய எடுத்துக்காட்டுகளும் உள்ளன. கோழிக்கோடு மாவட்டத்துக் கூளிமாடு என்னும் சிற்றூர் 1990களில் ஊராரின் முயற்சியால் தன் கடைகளில் புகையிலை விற்பனையை நிறுத்திக்கொண்டது. நாகாலாந்தின் காரிஃபேமா 2014இல் ஊர்ச்சபையின் முடிவால் புகையிலையற்ற ஊராக அறிவிக்கப்பட்டது. சண்டிகர் 2007இல் புகையில்லா நகரமாக அறிவிக்கப்பட்டபோது குடிமக்கள் அமைப்புகளின் உழைப்பு அதன் பின்னணியில் இருந்தது. புனித மக்காவும் மதீனாவும் 2000களின் தொடக்கத்திலேயே புகையிலையற்ற நகரங்கள் என்னும் முயற்சிக்குள் கொண்டுவரப்பட்டன.

பள்ளத்தாக்கின் கடமை

மேகமலையின் தேயிலைத் தோட்டங்களில் குளிரும் பனிமூட்டமும் ஆண்டின் பெரும்பகுதி நிலவுகின்றன. லயன் வீடுகளில் சன்னல்கள் அடைத்தே கிடக்கும். அத்தகைய சிற்றறையில் பற்றவைக்கும் ஒரு பீடியின் புகை வெளியேற வழியின்றிக் குழந்தையின் படுக்கையைச் சூழ்ந்துகொள்கிறது. சமவெளியின் திண்ணையில் காற்றோடு கலைந்துபோகும் புகை மலைவீட்டில் தங்கிவிடுகிறது. எனவே, 'வீட்டுக்கு வெளியே' என்னும் ஒரு சொல் இங்கே மற்ற ஊர்களைக் காட்டிலும் பயன் தரும். அதனைச் சொல்லும் வாய்ப்பு தோட்ட மருத்துவமனைச் செவிலியருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் மிகுதி.

இவ்வட்டாரம் புகையிலைக்கு அந்நியமன்று. அண்டையிலுள்ள திண்டுக்கல் சுருட்டுக்குப் பெயர்போன ஊர். வேடசந்தூரில் 1948 முதல் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இயங்கிவந்தது. பெட்டிக்கடைத் தூணில் தொங்கிய நெருப்புக் கயிறு கடைத்தெருவின் அங்கமாகவே இருந்தது. அக்கயிற்றைச் சுற்றித்தான் பேச்சும் உறவும் வளர்ந்தன என்பதை மறுக்க இயலாது. அந்த உறவைக் குலைக்காமல் புகையை மட்டும் விலக்குவதே நம் முன் உள்ள பணி.

உத்தமபாளையத்தில் 1956இல் நிறுவப்பெற்ற ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி போன்ற கல்விச் செல்வங்களை இச்சமுதாயம் தன் உழைப்பால் உருவாக்கியுள்ளது. கல்விக்கு இடம் சமைத்தவர்கள் தூய காற்றுக்கும் இடம் சமைக்க இயலும். பள்ளிவாசல் வாயிலோடு நின்றுவிடும் கட்டுப்பாட்டை மத்ரஸாவின் முற்றத்துக்கும், திருமண மண்டபத்துக்கும், இழவு வீட்டில் பந்தலின் கீழ் கூடியிருக்கும் கூட்டத்துக்கும் ஜமாஅத்துகள் நீட்டிக்கலாம். பள்ளிவாசலுக்குரிய கடையை வாடகைக்கு விடும் ஒப்பந்தத்தில், அங்கே புகையிலை விற்கலாகாது என்னும் ஒரு வரியைச் சேர்க்கலாம். வாடகையில் சிறிது குறைந்தாலும் அது ஈடுசெய்யத்தக்க இழப்பே. தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப் உரிமையாளர்கள் தம் ஊர்திக்குள் எவரும் பற்றவைப்பதில்லை என்று ஒருமித்து முடிவெடுத்தால், அதற்கு எந்த அதிகாரியின் கையொப்பமும் வேண்டியதில்லை.

2010 இறுதியில் நிறுத்தப்பட்ட மதுரை - போடி இரயில், அகலப்பாதையாகி 2023 ஜூனில் மீண்டும் போடிநாயக்கனூர் வரை ஓடத் தொடங்கியது. இன்று அப்பெட்டியில் எவரும் இசைவு கேட்பதில்லை. கேட்கவேண்டிய நிலையும் இல்லை. இரயில் பெட்டியில் வந்த மாற்றம் மலையேறும் ஜீப்புக்கும், தேநீர்க் கடையின் உட்புறத்துக்கும், லயன் வீட்டின் ஒற்றை அறைக்கும் இன்னும் வந்து சேரவேண்டும். அவ்விடங்களுக்குப் பொறுப்பானவர்கள் யார் என்பது ஒவ்வோர் ஊருக்கும் தெரியும். முதற்சொல் அவர்களிடமிருந்து வரட்டும்.